யாரோ ஒரு சித்தி

பல் டாக்டரின் கிளினிக் கீழே, எங்கள் லேப் மாடியில். டாக்டர் வாயில் அச்சு எடுத்து மேலே அனுப்புவார். நாங்கள் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகு வைத்து, பல் கட்டிக் கொடுப்போம். மாவு என் வேலை, மெழுகு கூட வேலை பார்க்கிற ஒருத்தியின் வேலை. ஊர் வாயெல்லாம் வரிசைப்படுத்துகிற அவளுக்கு இடது பக்கம் ஒரு தெத்துப்பல் எட்டிப் பார்க்கும். அதனால் லேப்பில் அவள் பெயரே தெத்து. இதைச் சரி பண்ணிவிடலாமே என்று டாக்டரே ஒருமுறை கேட்டார். "அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கு சார், யாரை என்ன பண்ணுது?" என்றாள். அவளும் அப்படித்தான். ஜன்னலோர மேஜையில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஆள் இருப்பதே தெரியாது.

கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு, இனிமேல் நமக்கென்ன கல்யாணம் என்று இருந்தவளை மருந்துக் கடைக்காரர் வந்து கேட்டார். அவருக்கு முதல் மனைவி தவறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரே பெண் பிள்ளை. தங்கமான மனுஷர்தான், ஆனால் எதை எடுத்தாலும் தேதி பார்ப்பார். பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் கொடுத்தால் முதலில் முதுகுப்பக்கம் திருப்பிவிட்டுத்தான் பிரிப்பார். "பொண்ணு பார்க்க வந்தப்ப உன்னையும் திருப்பிப் பார்த்தாரா?" என்று கேட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அந்தப் பிள்ளைக்கு இப்போது பதினைந்து வயது. கெட்ட பிள்ளை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். எதிர்த்துப் பேசாது, முகம் சுளிக்காது, வாங்க போங்க என்றுதான் பேசும். ஆனால் பேசுவதெல்லாம் மொட்டைப் பேச்சு. கல்யாணத்தன்று அவர், நல்ல எண்ணத்தில்தான், "இவங்களை அம்மான்னு கூப்பிடும்மா" என்றாராம். அன்றைக்கு அடைத்த வாய். அம்மா என்றும் இல்லை, ஆன்ட்டி என்றும் இல்லை. "சாப்பாடு ஆயிடுச்சா", "குடை எங்க இருக்கு" என்று தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் வந்து விழும். அவர் வீட்டில் இருந்தால் அதுவும் கிடையாது, "அப்பா, தலைவலி மாத்திரை எங்க வச்சாங்கன்னு கேளுங்க" என்று அவர் வழியாகத் தூது போகும். இவள் அடுப்படியில் ரெண்டு அடி தள்ளித்தான் நிற்பாள்.

இரண்டு வருஷம் அப்படி. நான் விடுவேனா? "பிள்ளை உன்னை என்னன்னுதான் கூப்பிடுது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

"கூப்பிடாது அக்கா. பக்கத்துல வந்து முழங்கையைத் தொடும்."

"தொட்டா?"

"திரும்பிப் பார்ப்பேன். விஷயத்தைச் சொல்லும்."

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இந்தப் பிள்ளைக்கு ஒரு பல்கூடப் போகாமலே ஒரு சொல் வரவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வரும். தெத்து கோபப்பட மாட்டாள். ஆனால் அவளுக்கு ஆசை இருந்தது. புடவையோ நகையோ இல்லை, ஒரே ஒரு வார்த்தை. எதுவாக இருந்தாலும் சரி, அந்தப் பிள்ளை தன்னை ஏதாவது ஒன்று சொல்லிக் கூப்பிட வேண்டும். மெழுகுக் கத்தியைத் துடைத்துக்கொண்டே என்னிடம் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னாள். அதற்கப்புறம் நான் கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

பிள்ளை தானாக அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. பல்லுக்குப் போட்ட கம்பியைக் கழற்றிய பிறகு, பல் பழைய இடத்துக்கே ஓடிவிடாமல் இருக்க ஒரு தகடு போட வேண்டும். கிளிப் என்போம். அண்ணத்தில் ஒட்டி உட்காரும், சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம். எப்போதும் இளஞ்சிவப்பில்தான் செய்வோம். "நீலக் கலர்ல கிடைக்குமா?" என்று கேட்டதாம். தெத்து நாலு கடை அலைந்து சாயம் வாங்கி வந்தாள். அவள் அதைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியதைப் பார்த்திருக்க வேண்டும். ராஜா வீட்டுப் பல் செட்டுக்குக்கூட அவ்வளவு பாலிஷ் போட்டிருக்க மாட்டாள்.

பரீட்சை முடிந்ததும் மூன்று பேருமாக வெளிநாடு போய்வரலாம் என்று அவர் ஏற்பாடு செய்தார். மூவருக்குமே முதல் பயணம். இவள் பெட்டியையும் பிள்ளை பெட்டியையும் அவர்தான் சோதித்தார். பற்பசைக்குக்கூடத் தேதி பார்த்தார். விமான நிலையத்தில் டிக்கெட் கவுன்டர் பெண் அவருடைய பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, இன்னும் ஆறு மாசம் செல்லுபடியாக வேண்டும் சார், இது அதற்குள் முடிகிறது, உங்களை ஏற்ற முடியாது என்றாள். பல வருஷத்துக்கு முன்னால், எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்த பாஸ்போர்ட் அது. ஊரில் உள்ள மாத்திரைக்கெல்லாம் தேதி பார்க்கிற மனுஷர், தன்னுடையதைப் பார்க்கவில்லை. கேட்டபோது சிரித்துச் சிரித்து எனக்கு மாவு கெட்டியாகிப் போனது.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். தூதுக்காரர் இல்லாமல் அந்தப் பிள்ளையோடு தெத்து ஒரு பகல்கூடக் கழித்ததில்லை.

உள்ளே பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிற அதிகாரி பிள்ளையைப் பார்த்து, "இவங்க உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். எல்லோரும் கேட்கிற கேள்விதான்.

பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பாவோட ஒய்ஃப்" என்றது.

அவர் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குத்தி அனுப்பினார். "பொய் ஒண்ணும் சொல்லலையே அக்கா" என்று என்னிடம் சொன்னாள் தெத்து. "ஆனா அவர் குத்துனது என் நெஞ்சுல விழுந்த மாதிரி இருந்துச்சு."

அதற்கப்புறம் நடந்ததில் அவள் சொன்னது பாதி, பிள்ளை சொன்னது பாதி. நடுவில் விட்டுப்போனதை நான் கேட்டுக் கேட்டு வாங்கினேன்.

போன இடத்தில் ஒரு சின்ன ஹோட்டல் அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் ஏசி மிஷின்கள் வரிசையாக முறைத்தன. குளியலறைக் குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் வெந்நீர் வரும் என்று தெரியாமல் முதல் நாள் ரெண்டு பேரும் உடையோடு நனைந்தார்கள். வழி கண்டுபிடிப்பது பிள்ளையின் பொறுப்பு. போனில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு விறுவிறு என்று முன்னால் நடக்கும். திரும்ப வேண்டிய இடம் வந்தால் நின்று, இவள் பக்கத்தில் வந்ததும் முழங்கையைத் தொடும். தெத்து ஊர் பார்த்ததைவிட வாய் பார்த்ததுதான் அதிகம். அந்த ஊர் ஜனங்களுக்கு முன்பல் நன்றாகவும் கடைவாய்ப்பல் மோசமாகவும் இருக்கிறதாம். அத்தனை தூரம் போய் அவள் கண்டுவந்த சேதி அது.

மியூசியத்தில் எப்போதோ செத்துப்போன பெரிய மிருகம் ஒன்றின் எலும்புக்கூடு. எல்லோரும் வாலைப் பார்க்க, இவள் கயிற்றைத் தாண்டிக் கழுத்தை நீட்டி அதன் தாடைக்குள்ளே பார்த்திருக்கிறாள். காவலாள் ஓடி வந்து என்னவோ கத்தினான். பிள்ளை குறுக்கே புகுந்து, இவங்க பல் டாக்டர் என்று ஆங்கிலத்தில் சமாளித்தது.

வெளியே வந்ததும் தெத்து, "நான் டாக்டர் இல்லையே, பல் செய்றவதானே" என்றாள்.

"அதுக்கெல்லாம் அவனுக்கு விளக்கம் சொல்லிட்டு இருக்க முடியுமா?" என்ற பிள்ளை, அடக்க முடியாமல் சிரித்துவிட்டது. நீலக் கிளிப் தெரிகிற மாதிரி வாய் கொள்ளாத சிரிப்பு. தெத்துவுக்கு அன்றைக்கு அதுவே போதுமாக இருந்தது.

பிள்ளை அந்தப் பயணத்தில் ரொம்ப ஆசைப்பட்டது படகுக்குத்தான். ஆற்றிலிருந்து ஊரைச் சுற்றிக் காட்டுகிற படகு. மதியம் துறைக்கு எதிரே பல கடைகள் சேர்ந்த பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிட்டுவிட்டு, வந்து வரிசையில் நின்றார்கள். ஏறுவதற்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது பிள்ளை நாக்கால் அண்ணத்தைத் துழாவியது.

"கிளிப் இல்ல. சாப்பிடறப்ப டிஷ்யூல சுத்தி வச்சேன்."

"தட்டுலயா?"

"தெரியல. அப்படித்தான் நெனைக்கிறேன்."

தட்டோடு குப்பைக்குப் போயிருக்கும். எங்கள் லேப்புக்கு வருகிற கிளிப் கேஸ்களில் பாதி அப்படித் தொலைந்தவைதான். தெத்து கைப்பையை, அதில் இருந்த போனோடு சேர்த்துப் பிள்ளையின் கையில் திணித்தாள். "நீ இங்கயே நில்லு. வரிசையை விடாத." அடுத்த நிமிஷம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, அச்சு இங்க என்கிட்ட பத்திரமா இருக்கு. வந்து வேற ஒண்ணு செஞ்சா ஆச்சு. அதுக்குப் போய் ஓடுவாங்களா?" என்று கேட்டேன்.

"அது தெரியும் அக்கா. ஆனா அது அவ வாயைத் திறந்து என்கிட்ட கேட்டதாச்சே."

அவள் அந்தப் பக்கம் போனதும் பிள்ளை தன் கோட்டுப் பையில் கையை விட்டது. உள்பையில் டிஷ்யூ, டிஷ்யூவுக்குள் கிளிப். இவளைத் திருப்பிக் கூப்பிட வேண்டும். இவள் போன் இங்கேயே இருக்கிறது. முழங்கை எட்டாத தூரத்தில் இருக்கிறது. அப்போதுதான் பிள்ளைக்கு உறைத்திருக்கிறது, இவளைக் கூப்பிடத் தன்னிடம் ஒன்றுமே இல்லையென்று. "இங்க பாருங்க" என்று கத்தியது. "ஏங்க" என்றும் கத்தியதாம். ஏங்க என்று கூப்பிட இவள் என்ன அதன் வீட்டுக்காரரா? "ஹலோ" என்றதற்கு வரிசையில் பாதிப் பேர் திரும்பினார்கள். ஒரு கிழவர் தொப்பியைத் தூக்கிப் பதிலுக்கு ஹலோ சொன்னார். தெத்துவின் பச்சைத் துப்பட்டா கூட்டத்துக்குள் மறைந்துகொண்டிருந்தது.

அப்போது அடிவயிற்றிலிருந்து வந்தது. "சித்தி!"

தெத்துவுக்கு அது காதில் விழுந்தது. தெளிவாக விழுந்தது. அட, நம்ம ஆளுங்க யாரோ இந்த ஊருக்கும் வந்திருக்காங்க போல என்று நினைத்துக்கொண்டே ஓடினாள். மறுபடியும் "சித்தி, சித்தி" என்று கேட்டது. பாவம், யார் பெற்ற பிள்ளையோ தொண்டை கிழியக் கத்துது, அந்தச் சித்தி செவிட்டு முண்டம் எங்க நிக்கிறாளோ என்று மனசுக்குள் ஒரு திட்டும் திட்டினாள். திரும்பிப் பார்க்கத் தோன்றவே இல்லை. கூடப் பிறந்தவர்கள் இல்லாதவளை அந்த வார்த்தையால் யார் கூப்பிட்டிருக்கப் போகிறார்கள்? அது அவளுக்குப் பழக்கமில்லாத சொல்.

சாப்பாட்டுக் கூடத்தில் மேஜை துடைத்துக்கொண்டிருந்த அம்மாளிடம் வாயைத் திறந்து பல்லைச் சுட்டிக்காட்டினாள். அந்த அம்மாள் கனிவாகத் தலையாட்டிவிட்டுப் பல் குத்தும் குச்சி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். இவள் குப்பைத் தொட்டியைக் காட்டி, மறுபடி பல்லைக் காட்டினாள். எப்படியோ புரிந்துவிட்டது. ரெண்டு கையுறை கொண்டுவந்து ஒன்றை இவளிடம் நீட்டிவிட்டு, மற்றதைத் தான் மாட்டிக்கொண்டாள். பாஷை தெரியாத ரெண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து டிஷ்யூக்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது, காதருகே மூச்சு வாங்கியது.

"சித்தி."

தெத்து நிமிர்ந்தாள். பிள்ளை நின்றுகொண்டிருந்தது. பின்னால் வேறு யாரும் இல்லை. சந்தேகத்துக்கு ஒருதரம் எட்டிக்கூடப் பார்த்தாளாம்.

"எத்தனை தடவை கத்துறது? காது கேக்கலையா?"

"கேட்டுச்சு. யாரோ யாரையோ கூப்பிடுறாங்கன்னு நெனச்சேன்."

"இந்த ஊர்ல வேற யாரு சித்தின்னு கூப்பிடப் போறா?"

"கோட்டுப் பையிலயே இருந்துச்சு" என்று பிள்ளை கையை விரித்துக் காட்டியது. நீலக் கிளிப். அதைப் பார்த்ததும் இவளுக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். "பையில வச்சுட்டா என்னை இவ்வளவு தூரம் ஓட வச்ச? வரிசையை விடாதன்னு சொன்னேன்ல? தெரியாத ஊர்ல தனியா ஓடி வர்றியே, ஏதாவது ஒண்ணுன்னா உங்க அப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்று பொரிந்து தள்ளிவிட்டாள். இரண்டு வருஷத்தில் முதல் திட்டு. அதுவரை பிள்ளையை ஒரு சொல் சொல்லப் பயந்து பயந்தே இருந்தவள். திட்டி முடித்த பிறகுதான் தான் திட்டியதே அவளுக்குத் தெரிந்தது.

பிள்ளை அசையவில்லை. "சரி சித்தி. முதல்ல கையைக் கழுவுங்க, நாறுது" என்றது.

"அழுதியா?" என்று நான் கேட்டேன்.

"கை கழுவுறப்ப தண்ணி தெறிச்சுது அக்கா."

"கண்ணுக்கா?"

"ஆமா."

படகு போய்விட்டது. அடுத்த படகுக்கு மறுபடி வரிசையில் முதலிலிருந்து நின்றார்கள். பாலங்களையும் கோபுரங்களையும் பார்த்ததாகத்தான் சொல்கிறாள், எனக்கு நம்பிக்கையில்லை. ஒன்றுகூட அவளால் விவரமாகச் சொல்ல முடியவில்லை. படகில் பிள்ளை பேசியதை மட்டும் எழுத்துப் பிசகாமல் சொல்வாள்.

"எங்க அம்மாவுக்குத் தங்கச்சி கிடையாது. சித்தின்னு கூப்பிட எனக்கு யாரும் இருந்ததில்ல" என்றதாம், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "அதனால அதை உங்களுக்கு வச்சுக்கலாம்னு ரொம்ப நாளா நெனச்சேன். திடீர்னு எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல."

திரும்பி வந்த அன்று விமான நிலையத்தில் மருந்துக் கடைக்காரர் நின்றிருந்தார். புது பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டேன் என்பதைத்தான் முதலில் சொன்னார். "அப்பா, பெட்டியை நீங்க வாங்கிக்கோங்க, சித்திக்குக் கை வலிக்குது" என்றது பிள்ளை. அவர் பெட்டியை வாங்காமல் அங்கேயே நின்றுவிட்டாராம். பின்னால் வந்த தள்ளுவண்டிக்காரன் ஹாரன் மாதிரி வாயால் சத்தம் போட்டுத்தான் நகர்ந்தார்.

இப்போது எனக்கு வேறு தொல்லை. கீழே கிளினிக்கில் குழந்தைகள் பல் பிடுங்க வருகின்றன. அம்மாவோடு வரும், அத்தையோடு வரும், எப்போதாவது ஒன்று சித்தியோடு வரும். பயத்தில் "சித்தி" என்று ஒரு கத்துக் கத்தும். மாடியில் இவள் கையில் சூடான மெழுகை வைத்துக்கொண்டு சடக்கென்று திரும்புவாள். வரிசை கட்டிக்கொண்டிருந்த பல் கோணிப்போகும். "உன்னை இல்லடி, அது யாரோ யாரையோ கூப்பிடுது" என்று நான் சொல்வேன். தெரியும் அக்கா என்பாள். அடுத்த தடவையும் திரும்புவாள்.