கரிக்குக் காட்டிய சாம்பிராணி

என் வாய் சும்மா இருக்காது என்பது கும்மிடிப்பூண்டிக் கரிக் கம்பெனி முழுக்கத் தெரிந்த விஷயம். அந்த வாய் ஆறு மணி நேரம் மூடிக்கிடந்த நாள் ஒன்று உண்டு. எழுபதுகளின் கடைசி, ஆயுத பூஜைக்கு மறு வாரம்.

ஆரம்பாக்கத்திலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் ரயிலில் வேலைக்குப் போய்வந்தோம். தேங்காய் ஓட்டைச் சுட்டு, கெட்ட வாசனையையும் ஆவியையும் உறிஞ்சும் கரி செய்கிற கம்பெனி. அவர் சூளையில், நான் சல்லடையில். அந்த வருஷம் மெட்ராஸிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். விண்வெளிக்குப் போய் மாதக்கணக்கில் மூடிய கூண்டுக்குள் இருக்கப்போகிறவர்கள், விட்ட மூச்சையே சுத்தம் செய்து திரும்ப இழுக்க வேண்டுமாம். அதற்கு எங்கள் கரி தாங்குமா என்று பார்க்க, ஷெட் மூலையில் காற்றுப் புகாத தகர அறை கட்டினார். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, அதன் முன்னால் விட்ட மூச்சின் கெட்ட காற்றைப் பிடிக்கச் சுண்ணாம்புத் தட்டும், வாசனையையும் ஆவியையும் பிடிக்கக் கரிப் பெட்டியும். ஆறு மணி நேரம் உட்கார ஆள் வேண்டும் என்றார். "நான் குந்திக்கிறேன் சார்" என்று கையைத் தூக்கினார் என் வீட்டுக்காரர். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதில் அவருக்கு அப்படி ஒரு ஆசை.

ஆயுத பூஜையன்று இயந்திரங்களுக்குச் சாம்பிராணி காட்டியது நான்தான். அந்த அறைக்கென்று சலித்து வைத்த கரித் தட்டைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. இதுதானே அவர் மூச்சைக் காக்கப் போகிறது என்று தூபக்காலில் இன்னும் இரண்டு பிடி சாம்பிராணி தூவி, தட்டே மறையும்படி புகை போட்டேன். கும்பிடும்போது அழுகையே வந்துவிட்டது.

சோதனை நாளில் காலை ஒன்பது மணிக்கு அவரை உள்ளே விட்டுக் கதவைத் திருகி மூடிய பிறகு, இன்ஜினியர் முதலாளியிடம் சொன்னார்: "இந்தக் கரியை மூடியே வைக்கணும் சார். ஊதுவத்திப் புகை பட்டாக்கூட உறிஞ்சி வெச்சுக்கும். வயிறு ரொம்பிட்டா, உள்ள கீறவன் மூச்ச எங்க சுத்தம் பண்ணும்?"

பக்கத்தில் சல்லடையோடு உட்கார்ந்திருந்த என் காதில் அது விழுந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அறைக்கு ஜன்னல் கிடையாது. அரை மணிக்கு ஒரு தரம் உள்ளிருந்து மூன்று தட்டு வரும். முடியவில்லை என்றால் விடாமல் தட்ட வேண்டும் என்று ஏற்பாடு. சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் எழுந்தேன். ஆனால் சரக்கைக் கெடுத்தவர்களை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புகிற முதலாளி எதிரே நின்றார். உட்கார்ந்துவிட்டேன். புருஷன் உயிரா வேலையா என்று தராசு பிடித்த அந்த நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

இரண்டு மணித் தட்டு வரவில்லை. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம்.

"இன்னாமா, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது?" என்றார் மேஸ்திரி.

"ஒண்ணியும் இல்ல."

அப்புறம்தான் டொக், டொக், டொக்.

மூன்று மணிக்குக் கதவு திறந்தது. வேர்வையில் நனைந்து வெளியே வந்தார். எப்படி இருந்தது என்று இன்ஜினியர் கேட்டதற்கு, "நல்லா இருந்துச்சு சார், ஒரு பேஜாரும் இல்ல" என்றார். இன்ஜினியர் சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதினார்.

ஸ்டேஷனுக்கு வந்ததும் தண்டவாளத்தின் ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தார். நான் முதுகைத் தடவினேன்.

"ஃபேன் போட்டதுமே தெரிஞ்சிடுச்சு மே. உள்ள நம்ம ஊட்டு சாமி மாடத்து வாசன. போகப்போக மண்ட பொளந்துடுச்சு."

"அப்ப விடாம தட்றதுக்கு இன்னாய்யா?"

"தட்டினா கரியில யாரு கை வெச்சதுன்னு கேப்பாங்களே. நீ வேலய வுட்டுட்டு நிப்ப."

நான் வெளியே வேலைக்காக வாயை மூடியிருந்தேன். அவர் உள்ளே எனக்காகக் கையை மூடியிருந்தார். ரயிலில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். நான் அந்த நோட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நம்பி ஒருவன் வானத்தில் மூச்சு விடுவான். அவனுக்கும் ஒருத்தி கீழே உட்கார்ந்து தட்டுகளை எண்ணிக்கொண்டிருப்பாள்.

மறுநாள் காலை, சங்கு ஊதுவதற்கு முன்னால் இன்ஜினியர் அறை வாசலில் நின்றேன். முதலாளியும் இருந்தார்.

"சார், நேத்து நோட்டுல எழுதினத அடிச்சிடுங்க. கரிக்குப் புகை காட்டினது நான்தான்" என்றேன்.