ஏரிக்கரைக் கப்பலும் வேல்ராஜும்

"வளையலக் கழட்டிருங்கக்கா. மோதிரம், வாட்சு, பெல்ட்டு எல்லாத்தையும் இந்த டப்பாவுல போட்டுருங்க. பெயின்ட்டுல கீறல் விழுந்திரும்." ஏணியை மறித்துக்கொண்டு நிற்கிறான் வேல்ராஜ். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் பெயின்ட் ஷாப் ஆள். அங்கத்திய சட்டத்தை அப்படியே கப்பலுக்கும் கொண்டுவந்துவிட்டான். "தாலியையுமா கழட்டச் சொல்ற? இன்னாப்பா நீ?" என்று பக்கத்துத் தெரு அம்சவல்லி கேட்டால் மட்டும் தலையைச் சொறிவான். "அத உள்ள விட்டுக்கிடுங்க."

வடக்குப்பட்டில் ஏது கப்பல் என்பீர்கள். கடலில் நங்கூரம் போட்டு ஒரே இடத்தில் நின்று, இங்கே மணல்திட்டு, விலகிப் போ என்று மற்ற கப்பல்களுக்கு விளக்குக் காட்டிய பழைய கப்பல் அது. உடைக்கப் போன இடத்தில் கெஞ்சி வாங்கி, துண்டு துண்டாக டிரெய்லரில் ஏற்றிவந்து, உள்ளூர்க்காரர் எல்லப்பன் கொடுத்த ஏரிக்கரைப் பொட்டலில் நிறுத்தி வெல்டு வைத்தவர்கள் கம்பெனிப் பையன்கள். சம்பளம் கிடையாது. வார லீவை முழுசாக அதற்கே கொடுக்கிறார்கள்.

வேல்ராஜுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. வந்தவர்களுக்குக் கப்பலின் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பவன், பாதியில் இறங்கி ஓடி எங்கோ ஒரு போல்ட்டை முறுக்கிவிட்டு வருவான். அதற்குள் கேட்டவர்கள் பாதிப்பேர் கலைந்திருப்பார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு இருப்பே கொள்ளவில்லை. உச்சி விளக்கைச் சுழற்றும் மோட்டாரோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டிச் சரிசெய்திருந்தான். பொழுது சாய்ந்ததும் முதல்முறையாக அதைப் போடவேண்டும். பார்க்க ஊரே கூடியிருந்தது. அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் ஃபோன். "ஓ.டி.க்கு வர்றியா இல்லியா? ரெண்டு வாட்டி டிமிக்கி குடுத்துட்ட. இன்னிக்கும் வரலேன்னா பர்மனென்ட் லிஸ்ட்டுல உன் பேரு இருக்காது."

வேல்ராஜ் விளக்கைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். பர்மனென்ட் ஆனால்தான் பெண் தருவோம் என்கிறார்கள் அவன் சொந்த ஊரில். "வாரேன் சார்."

"சுவிட்ச நான் போட்டுக்கறேன், நீ கெளம்பு நைனா," என்றார் எல்லப்பன்.

"வேகத்தக் கொறச்சு வைங்கண்ணாச்சி. எடுத்ததும் ஏத்திராதிய." நாலு தரம் சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினான்.

எல்லோரும் முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்க, இவன் கடைசி சீட்டில் மண்டிபோட்டுப் பின்கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டான். பனைகளுக்கு மேலே சட்டென்று வெளிச்சம் வந்தது. சுற்றிப் போய் மறுபடி வந்தது. வேகம் கூடுதல். ரிவர்ஸ் எடுக்கும் லாரி டிரைவருக்குக் காட்டுவதுபோல, உள்ளங்கையைத் தாழ்த்தித் தாழ்த்தி, மெதுவா, மெதுவா என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கை காட்டிக்கொண்டே போனான்.