தொப்பி சொன்ன வருஷம்

பெரியம்மா வீட்டுக் கூடத்தில் மாலையோடு தொங்கிய பெரியப்பாவின் படத்தில், ஒரு பக்கம் மடித்துவிட்ட அந்த அகலத் தொப்பிதான் முதலில் என் கண்ணில் பட்டது. எழுபதுகளின் கடைசி. நான் பட்டாளத்தில் ஸ்டோர் கிளார்க். லீவில் உத்திரமேரூர் வந்திருந்தேன். உடுப்பைப் பார்த்தே எந்த வருஷத்துப் படம் என்று சொல்லிவிடுவேன் என்று பெருமையடித்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பெரியம்மா உடனே படத்தைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டார். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரனிடம் சிங்கப்பூர் விழுந்தபோதே, பட்டாளத்தில் இருந்த பெரியப்பா செத்துவிட்டார் என்று யாரோ சொல்ல, அவர் தம்பியான என் நைனா முன்னின்று கருமாதி செய்து, பெரியம்மாவின் தாலியையும் கழற்ற வைத்துவிட்டார். சண்டை முடிந்த பிறகு ஊருக்குத் திரும்பிய ஒரு சிப்பாய் மூலம் சின்ன போட்டோ ஒன்று வந்ததாம். அதைப் பெரியம்மா பார்க்கும் முன்பே நைனா காஞ்சிபுரத்து ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கியதுதான் இந்தப் படம். "என் தாலிய எடுத்த அன்னிக்கி அவரு உசுரோட இருந்தாரா? அத்த மட்டும் சொல்லு" என்றார்.

சாலவாக்கத்தில் ஒரு ரிட்டயர்டு சுபேதார் இருந்தார். பர்மாவில் சண்டை போட்டவர். படத்தைத் துணியில் சுற்றி அவரிடம் எடுத்துப்போனேன். "சிங்கப்பூருக்குப் போன நம்ம ஆளுங்களுக்கு இந்தத் தொப்பி இல்லப்பா. பின்னால பர்மா காட்டுக்குன்னு எங்களுக்குக் குடுத்தது" என்றார். அப்படியானால் தாலியைக் கழற்றிய பிறகு எடுத்த படம் இது என்று வந்து சொன்னதும் பெரியம்மா அழவில்லை. செத்துப்போன என் நைனாவை வைதார். "புருசன் உசுரோட கீறப்போ என்ன முண்டச்சி ஆக்கிட்டானே!" அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

மறுவாரம் ஓரிக்கையில் ஒரு துக்க வீட்டுக்குப் போனேன். சுவரில் அதே தொப்பி, அதே மடிப்பு, பட்டன் இல்லாத அதே சட்டைப்பை. தொப்பிக்குக் கீழே வேறு முகம். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. நேரே காஞ்சிபுரத்து ஸ்டுடியோவுக்குப் போய்க் கத்தினேன். ஸ்டுடியோக்காரர் சாவகாசமாகச் சொன்னார்: "தல மட்டும் தெரியற படத்தக் குடுத்து, பட்டாளத்து ஆளா பண்ணிக் குடுன்னுவாங்க. ஒடம்புக்கு நான் எங்க போறது? நல்ல ஒடம்பு ஒண்ணு இருந்துச்சி, எல்லாருக்கும் அத்தான் வெச்சி ஒட்டுவேன். நல்லாத்தானே கீது?" சின்ன போட்டோ என்ன ஆனதென்று அவருக்கு நினைவில்லை. கோட்டு இல்லாதவனுக்குக் கோட்டும், நகை இல்லாதவளுக்கு நகையும் போட்டுக் கொடுத்தே பழகியவர். அவரை என்னவென்று திட்டுவது? எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

பெரியம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். படத்தைத் திரும்ப என் மடியில் வைத்தார். "ஒடம்பு எவனோடதோ இருந்துட்டுப் போவட்டும். மூஞ்சி அவருதுதானே? அது எப்ப எடுத்தது, பாத்து சொல்லு."

கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். படம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. தொப்பியையும் சட்டையையும் கையால் மறைத்துக்கொண்டு அந்த முகத்தை இன்னமும் பார்க்கிறேன். சின்ன வயசு முகம் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.