என் காதில் விழாத பெயர்

என் மகன் ஜெரோமைக் குடமுருட்டி ஆறு கொண்டுபோன பிறகு, ஆண்டவருக்குச் சாட்சி சொல்ல இந்தச் சபையில் நான் உங்கள் முன் எழுந்து நிற்பது இதுதான் முதல் தடவை. நடுவில் அழுதுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். கொடிக்கம்பத் தகராறில் மேலத்தெருவும் கீழத்தெருவும் வெட்டிக்கொண்டு, இரண்டு பக்கத்துப் பையன்களும் ஜெயிலுக்குப் போய் வந்தார்கள். நான் கீழத்தெருக்காரன். மாவட்ட அணிக்கு ஃபுட்பால் ஆடி ஓய்ந்தவன். அந்தப் பையன்களையே கூட்டிவந்து ஆற்றுப்படுகையில் பந்தாட விட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கிறான் என்று ஊரே பேசியது. எந்த அணியிலும் இரண்டு தெருவும் கலந்துதான் ஆட வேண்டும் என்று விதி வைத்தேன். ஜெரோம்தான் கோல்கீப்பர்.

போன ஆடியில் ஆறு கரை தொட்டு ஓடியதால் கரைமேல்தான் ஆடினார்கள். நான் தஞ்சாவூர் போயிருந்தேன். யாரோ ஓங்கி அடித்த பந்து ஆற்றில் விழ, எடுக்கப் போன ஜெரோம் திரும்பவில்லை. நன்றாக நீச்சல் தெரிந்த பிள்ளை. உயிரோடு கொடும் ஆண்டவரே என்று கரையில் விழுந்து கதறினேன். மறுநாள் மதகுப் பக்கம் உடல்தான் கிடைத்தது. அந்த ஜெபத்துக்கு இன்றுவரை எனக்குப் பதில் இல்லை. இதை மறைத்துச் சாட்சி சொல்ல எனக்குத் தெரியாது.

அன்றே வெளியூரிலிருந்து என் மனைவியின் தம்பி ஆட்களோடு வந்து இறங்கினார். ஜெரோமுக்குத் தாய்மாமன். மேலத்தெருப் பையன் ஒருவன் வேண்டுமென்றே பந்தை ஆற்றில் அடித்தான் என்று யாரோ பற்றவைத்துவிட்டார்கள். பெயர் தெரிந்தால் இன்னொரு வீட்டிலும் பிணம் விழும். எனக்கும் அந்தப் பெயர் வேண்டும் போலிருந்தது. சவப்பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து வேண்டினேன்: "ஆண்டவரே, அந்தப் பேரு என் காதுல விழ வேணாம். விழுந்தா நான் மனுசனா இருக்க மாட்டேன்."

மைத்துனர் பையன்களை நிறுத்தி மிரட்டினார். நம்ம தெருப் பையன்களாவது சொல்லுவார்கள் என்று பார்த்தார். ஒருவனும் வாய் திறக்கவில்லை. எங்கள் கேப்டனுக்குக் கன்னத்தில் அறை விழுந்தது. அவனும் கீழத்தெருதான். அழுதுகொண்டே சொன்னான்:

"டீம்தான் மாமா அடிச்சுச்சு. வெட்டுறதுன்னா எங்க எல்லாரையும் வெட்டுங்க."

கலந்து நின்றவர்களில் எவன் எந்தத் தெரு என்று மைத்துனருக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பிறகு என் காலடியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். கல்லறை வரைக்கும் அந்தப் பையன்கள்தான் பெட்டியைத் தூக்கினார்கள்.

இப்போதும் மாலையில் ஆடுகிறோம். என் மனைவி மோர் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுக்கிறாள். அதைக் குடிக்கிறவர்களில் ஒருவன்தான் அன்று பந்தை அடித்தவன் என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் யாருக்கும் ஊற்றாமல் விடுவதில்லை.

கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று உங்களிடம் நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் கேளுங்கள், ஆண்டவரை விட்டுவிடாதீர்கள். என் பிள்ளையை அவர் திருப்பித் தரவில்லை. இன்னொரு வீட்டுப் பிள்ளையை என்னிடமிருந்து காப்பாற்றினார். அதற்கு நன்றி சொல்லத்தான் எழுந்தேன்.