குருணில் வாங்கிய டயர்கள்

டிராக்டரின் பழைய பின்சக்கரங்களை லோரியில் ஏற்றிக்கொண்டு, டயர் மாற்ற அப்பாவும் மாமாவும் குருண் டவுனுக்குப் போனார்கள். இருவருக்கும் நடுவில் நான். அப்போது எனக்கு எட்டு வயது.

மாமா, அம்மாவின் தம்பி. செம்பனைத் தோட்டத்தில் அப்பா டிராக்டர் ஓட்டுவார். மாமா பின்வண்டியில் குலைகளை ஏற்றுவார். மழை பெய்த ஒரு நாள் மேட்டுப் பாதையில் டிராக்டர் வழுக்கி, பின்வண்டி கவிழ்ந்தது. அதனடியில் மாமாவின் கால் மாட்டிக்கொண்டது. அவர் எழுந்து நடக்கும்வரை டிராக்டர் கொட்டகையிலேயே கிடந்தது. அவர் நடந்தார், ஊன்றுகோலோடு.

ஒரு கட்டுக் கீரைக்கும் பேரம் பேசுகிற அப்பா அன்று கடை வாசலிலேயே நின்றுவிட்டார். மாமாதான் ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்த்தார். கடைக்காரர் உயரமான பற்கள் வைத்த ஒன்றைக் காட்டினார்.

"அது வயக்காட்டுச் சேத்துக்குத்தாண்ணே சரி. எங்க வண்டி தார் ரோட்லயும் ஓடணும், சீக்கிரம் தேஞ்சிடும். இது பல்லு அகலமா, நெருக்கமா இருக்கு. பக்கமும் தடிப்பு லா, மட்டை முள்ளு கிழிக்காது. என்னா மச்சான் சொல்றீங்க?"

"நீ சொல்றதையே போடு," என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி.

கடைக்காரர் எங்கள் பழைய டயரைத் தடவினார். பல்லே இல்லாமல் மொட்டையாக, வழவழவென்றிருந்தது. "என்னா தம்பி, இவ்ளோ போத்தாக் ஆகுற வரைக்குமா ஓட்டுவீங்க? யாரு ஓட்டச் சொன்னது?"

"நான்தாண்ணே," என்று சிரித்தார் மாமா. "மச்சான் மாத்தணும்னுதான் சொன்னாரு. இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்னு நான்தான் நிறுத்திட்டேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பிடும்போது நடந்த அந்தப் பேச்சைக் கேட்டவள் நான்.

"இல்ல மாமா! நீங்கதானே மாத்துங்க மாத்துங்கன்னு சொன்னீங்க? அப்பாதான் தீபாவளி கழிச்சிப் பாத்துக்கலாம்னாரு."

வகுப்பில் சரியான விடை சொன்னவள்போல் நிமிர்ந்து நின்றேன். அந்த நிமிர்வை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

கடைக்காரர் குனிந்து எதையோ துடைக்க ஆரம்பித்தார். மாமா என் தலையில் கைவைத்து, "சின்னப் புள்ள, மாத்திச் சொல்லுது," என்றார். அப்பா வெளியே போய், எங்களுக்கு முதுகைக் காட்டிச் சாலையோரம் நின்றார். டயர் மாட்டி முடியும்வரை உள்ளே வரவில்லை.

வழியில் மாமா லோரியை நிறுத்தச் சொல்லி, தானே நொண்டிப் போய் எனக்குக் குடிக்க ஐஸ் போட்ட செண்டோல் வாங்கி வந்தார். அப்பா ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. கண்கள் சிவந்திருந்தன. பொய் சொன்ன மாமாவின் மேல்தான் அவ்வளவு கோபம் என்று நினைத்துக்கொண்டேன். மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் செண்டோலில் பாதியை அவருக்கே கொடுத்தேன்.