டாக்டரம்மா கேட்ட அடுப்படிப் படம்

என் அப்பா தச்சர். அவரிடம்தான் உளி பிடிக்கப் பழகினேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. கல்யாணமாகிப் புதுக்கோட்டைக்கு வந்தபோது சமஸ்தானம் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் அச்சாபீசில் மிஷின் ஓட்டினார். தோல்பாவைக் கூத்து நோட்டீசுக்கு நான் மரக்கட்டையில் படம் வெட்டித் தருவேன். விராலிமலையில் பார்த்த பாவைகள்தான் எனக்கு மாதிரி. முகம் பக்கவாட்டில், கண் மட்டும் முழுசாக.

கட்டையில் எல்லாவற்றையும் திருப்பி வெட்ட வேண்டும். எழுத்தும் அப்படித்தான். அப்போதுதான் காகிதத்தில் நேராக விழும்.

மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா இருந்தார். யூதர். உலகச் சண்டையில் ஊரையும் தாயையும் இழந்து வந்தவர். என் மகள் கால் முன்னே வந்து பிறந்தபோது இரண்டு பேரையும் பிழைக்க வைத்தார். எதைக் கொடுத்தாலும் வாங்க மாட்டார். நாட்டை விட்டுக் கிளம்பும்போதுதான் கேட்டார்.

"ஒரு படம் வெட்டித் தா ஆத்தா. பாவை மாதிரி."

நர்சுகளிடம் கற்ற தமிழ். அவருக்கு எல்லோரும் ஆத்தாதான்.

அவரிடம் தாயாரின் புத்தகம் ஒன்று இருந்தது. அவங்க ஊர் யூதர்கள் வீட்டில் பேசுகிற இத்திஷ் பாஷை. பெண்கள் எழுதிய வேண்டுதல்கள் என்றார். அதில் ஒருத்தி ரொட்டி சுடும்போது சாமியிடம் பேசுகிறாள். ரொட்டி கருகக் கூடாது, பிள்ளைகள் நல்லாயிருக்கணும் என்கிறாள்.

"பொங்கப் பானைகிட்ட நாங்க பேசுறதுதானே" என்றேன். சிரித்தார். அதில் ஒரு வரியைப் படத்துக்குக் கீழே போட எழுதிக் கொடுத்தார்.

அந்த எழுத்து வலமிருந்து இடமாக ஓடியது. ஏற்கெனவே திரும்பித்தானே இருக்கிறது, இதை எதற்குத் திருப்ப? அடுப்படியில் ரொட்டி சுடுகிறவளை வழக்கம்போலத் திருப்பி வெட்டி, எழுத்தை மட்டும் அப்படியே வெட்டினேன்.

அச்சாபீசில் பட்டம் ஒட்டுகிற மெல்லிசுக் காகிதம்தான் மிச்சம் இருந்தது. அதில் அச்செடுத்துக் கொண்டு போனேன். டாக்டரம்மா திருச்சி பஸ்ஸுக்குப் பெட்டி கட்டியிருந்தார். படத்தைப் பார்த்தார். எழுத்தை விரலால் தடவினார்.

"என்னம்மா?"

"எழுத்து கண்ணாடியில பாத்த மாதிரி இருக்கு ஆத்தா."

எந்த எழுத்தானாலும் கட்டையில் திருப்பித்தான் வெட்டியிருக்க வேண்டும். வேறு கட்டை வெட்ட நேரமில்லை. அவர் கேட்ட ஒன்றையும் கெடுத்துவிட்டேன்.

கூட வந்த வீட்டுக்காரர், "தமிழே ஒனக்குத் தகராறு. இதுல சீமைப் பாஷை வேற" என்றார்.

"செத்த சும்மா இருங்க."

பாவைத் திரைக்கு அங்கிட்டுப் போய்ப் பார்த்தால் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். காகிதத்தைப் புரட்டி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

"இப்பப் பாருங்கம்மா."

மை மறுபக்கம் தெளிவாகத் தெரிந்தது. அவர் கிட்டே வந்து வாய்விட்டுப் படித்தார். நிறுத்தி, மறுபடி படித்தார்.

"சரியா இருக்கு ஆத்தா."

"ஆனா ரொட்டி சுடுறவ சோத்துக்கை பீச்சாங்கையாப் போச்சேம்மா" என்றேன்.

"போகட்டும். ரொட்டி வெந்தாச் சரி."

பாவைக்கு இரண்டு பக்கமும் வர்ணம் உண்டு. கையோடு கொண்டு போயிருந்த வர்ணத்தை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து பின்பக்கம் சிவப்பும் பச்சையும் தீட்டினேன். காய்வதற்குள் பஸ் வந்துவிட்டது. மடிக்காமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஏறினார்.

"ஏ புள்ள, காலையிலேருந்து ஒண்ணும் திங்கல. வா" என்றார் வீட்டுக்காரர்.

அப்போதுதான் பசி தெரிந்தது.