அண்ணன் கட்டிய பூப்பொட்டலம்

அண்ணனின் முதலாண்டுப் படையலுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இதுபோன்ற மலர்களில் மறைந்தவர் நிறைவாழ்வு வாழ்ந்தார் என்று எழுதுவது வழக்கம். அச்சகத்தில்கூட, "மாதிரி ஒண்ணு இருக்குங்க, பேரை மட்டும் மாத்திக்கலாம்" என்றார்கள். அண்ணனுக்கு அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. ஐம்பது வயதுகூட ஆகாமல் போய்விட்டார். இருந்த வருடங்களையும் நிறைவாக வாழவில்லை.

கீழப்பழுவூருக்குப் பக்கத்துக் கிராமத்தில், சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாத வீட்டில் அண்ணன் மூத்தவராகப் பிறந்தார். தாத்தா காலம் வரை மற்றவர் வயலில்தான் வேலை. அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரிக்குக் கல் ஏற்றினார். அண்ணன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஊரார் மாடுகளை மேய்ப்பார். ஒரு மாடு அசை போடவில்லை என்றால் அதன் சொந்தக்காரருக்கு முன்னால் அண்ணனுக்குத் தெரிந்துவிடும். ஈனும்போது கன்று குறுக்கே மாட்டிக்கொண்டால், "அந்தப் பையனக் கூப்புடுங்கப்பா" என்று ஆள் வரும். மனிதர்களிடம் வாய் திறக்காதவர், மாடுகளிடம் மட்டும் மணிக்கணக்கில் பேசுவார்.

பிளஸ் டூ முடித்த மறுவருடம் கால்நடைத் துறைப் பயிற்சி ஒன்றுக்கு அண்ணனுக்கு இடம் கிடைத்தது. அந்தக் கடிதம் வந்த சில நாட்களில் கல் சரிந்து அப்பாவின் கால் நசுங்கியது. அப்பாவுக்குப் பதிலாக வீட்டில் ஒருவருக்கு சுரங்கத்தை நடத்திய அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலையில் நிரந்தர வேலை தருவதாகச் சொன்னார்கள். அண்ணன் அம்மாவிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். "அங்க போனா நாளைக்கு ஆளுங்கள அதட்டி வேலை வாங்கச் சொல்லுவாங்கம்மா. அது எனக்கு வராது. மாடுன்னா எனக்கு வரும்." அம்மா அழுதார். உடனே அண்ணன், "சரி சரி, எனக்கு எதுவா இருந்தாலும் சரி" என்றார்.

முடிவெடுக்க முடியாவிட்டால் குலதெய்வத்திடம் பூக் கட்டிப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். வெள்ளை அரளி வந்தால் ஆலை, சிவப்பு அரளி வந்தால் படிப்பு என்று பேசிக்கொண்டோம். கோயில் வாசல் மரங்களில் பூப் பறித்து, வாழையிலைத் துண்டில் மடித்து, நார் சுற்றி இரண்டு பொட்டலங்கள் கட்டியவர் அண்ணனேதான். ஏழாம் வகுப்புப் படித்த நான் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். பிரித்தால் வெள்ளை. அம்மா அங்கேயே விழுந்து கும்பிட்டார்.

அதற்குப் பிறகு அண்ணனைப் பற்றி ஊரில் நல்ல பேச்சுதான். நிரந்தர வேலை, சீருடை, ஓட்டு வீடு போய் மாடி வீடு. அவருக்குப் பூ ராசியாக அமைந்தது என்று சித்தப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் எல்லோருக்கும் படிப்பு, வேலை, வெளிநாடு எதுவானாலும் பூக் கட்டினோம். கைராசிக்காரர் என்று பொட்டலம் கட்ட அண்ணனைத்தான் கூப்பிட்டோம். எனக்கு ஆங்கிலம் படிக்க ஆசை. பூவில் வந்ததோ லேப் டெக்னீசியன் படிப்பு. ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுகிறவள் நான். பெரம்பலூரில் பதினெட்டு வருடமாக ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்றும் ஊசி குத்தும் நொடியில் சுவரைத்தான் பார்க்கிறேன். என்னிடம் ரத்தம் கொடுத்த சொந்தங்கள் மன்னிக்கவும்.

ஆலைக்குள் அண்ணன் பட்டது வெளியே தெரியாது. சில வருடங்களில் மூட்டை ஏற்றும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். அவர்களில் பாதிப் பேர் நம் சொந்தக்காரர்கள். தாமதமாக வந்தவர்களை அண்ணன் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அவர்கள் ஏற்ற வேண்டிய மூட்டையைத் தானே தூக்குவார். மேலே இருந்து மெமோ வரும். கீழே இருந்து, "பெரிய ஆபீசர் ஆயிட்டாரு, சொந்தம் மறந்துபோச்சு" என்ற பேச்சும் வரும். இரண்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பின்பக்கம் அவரே போட்டிருந்த மாட்டுக்கொட்டகையில் நிற்பார். மாடு வாங்கவே இல்லை. ஏன் வாங்கவில்லை என்று அண்ணி கேட்டதற்கு, "வாங்கினா வேலைக்குப் போவ மாட்டேன்" என்றாராம். அந்தக் கொட்டகை கடைசி வரை காலியாகவே கிடந்தது.

அண்ணன் போன பிறகு பீரோவில் துணி மடிக்கும்போது அண்ணிக்கு ஒரு கவர் கிடைத்தது. அதில் இருபத்தாறு காலண்டர் தாள்கள். போகியன்று பழைய காலண்டரை நெருப்பில் போடுமுன் அண்ணன் கடைசித் தாளை மட்டும் கிழித்துக்கொள்வதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஏதோ கணக்கெழுத என்று நினைத்தோம். ஒவ்வொன்றின் பின்பக்கமும் தன்னைப் பற்றி அந்த வருடம் தெரிந்துகொண்டதை எழுதியிருந்தார். "எனக்குக் கோபம் வருவதில்லை. கோபம் வரவேண்டிய இடத்தில் தலைவலி வருகிறது." இன்னொரு வருடம், "நல்லவன் என்பதால் நான் சரி சொல்வதில்லை. மாட்டேன் என்று சொன்ன பிறகு எதிராளி முகம் மாறும், அதைப் பார்க்க பயம்." ஒன்றில், "கேட்டு வாங்கத் தெரியாதவன் கொடுக்கிறவனாக நடிக்கிறேன்." தன்னைப் பற்றி இவ்வளவு தெளிவாகத் தெரிந்துவைத்திருந்த மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் அந்தத் தாள்களில் ஒன்றுகூட அவரை ஓர் அடி நகர்த்தவில்லை. மறுநாள் காலை பொங்கல் வைத்துவிட்டு, அதற்கு மறுநாள் அதே ஷிப்டுக்குப் போனார். கடைசித் தாளில் இரண்டே சொற்கள்: "தெரிந்து என்ன?" 

சர்க்கரை நோய் அண்ணனின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. வாரத்துக்கு இரண்டு முறை பெரம்பலூருக்கு டயாலிசிஸுக்கு வருவார். என் வேலை நேரம் முடிந்ததும் பக்கத்தில் போய் உட்காருவேன். ஒரு மத்தியானம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது, "பாப்பா, அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையத்தான் வச்சேன்" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை.

"எதுக்குண்ணே?"

"அம்மாகிட்ட மாட்டேன்னு சொல்ல எனக்கு வரல. எனக்கு ஆவாதுன்னு தெரிஞ்சே போறேன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சா கஷ்டப்படும். சாமி சொன்ன மாதிரி இருக்கட்டும்னு வச்சிட்டேன்."

"எனக்கும் அப்புடித்தான் கட்டுனீங்களா?"

"இல்ல, உனக்கு நெசமாத்தான் கட்டுனேன். ரத்தம் பாத்தா நீ மயங்குவேன்னு தெரியும். தெரிஞ்சும் பூவுல வுட்டேன். அது இன்னும் மோசம்."

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, மறைக்கமாட்டேன். மூன்று வாரத்தில் அண்ணன் இறந்துவிட்டார். கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல்தான், கொள்ளிக்கு எடுத்துப் போனபோது வாசலில் நின்றேன்.

இதை அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வருடம் மருகினேன். இப்போது என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். எங்கள் வீட்டுக்காரரின் பூலாம்பாடிச் சொந்தங்கள்கூட, "உங்க பக்கம் வழக்கமாச்சே, பூக் கட்டிப் பாத்துடலாம்ல" என்றார்கள். மறுநாளே பஸ் ஏறி ஊருக்குப் போனேன். அம்மா முறத்தில் சின்ன வெங்காயம் தோலுரித்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன்.

அம்மா கையை நிறுத்தவில்லை. "தெரியும்டி" என்றார்.

"எப்பம்மா?"

"அன்னைக்கே. நீ எடுக்காத பொட்டலத்த மரத்தடியில போடப் போனேன்ல, பிரிச்சுப் பாத்தேன். அதுலயும் வெள்ளை."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா அவன் படிக்கப் போயிருப்பான்ல" என்றார் அம்மா. இன்னொரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, "உங்கப்பன் கால் இல்லாம கெடக்குறாரு. நீ சின்னப் புள்ள. நான் என்னடி பண்ணுவேன்" என்றார். இதை மலரில் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதிக்கோ. படிக்கிறவங்க படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆறுதல் சொல்லவும் வரவில்லை.

அண்ணனை இரண்டு வருடம் வாரந்தோறும் காரில் அழைத்து வந்த லப்பைக்குடிக்காட்டு நண்பருக்கும், அவர் வளைகுடாவுக்குத் திரும்பிய பிறகு அதே வேலையைச் செய்த அவர் தம்பிக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. டயாலிசிஸ் பிரிவில் அண்ணனை "மாட்டு டாக்டர்" என்று கூப்பிட்டுச் சிரிக்க வைத்த செவிலியர்களுக்கும், அண்ணியை ஒருநாளும் தனியாக விடாத தெருப் பெண்களுக்கும், அண்ணனுடன் மூட்டை ஏற்றியவர்களுக்கும், அவரை ஏசியவர்களுக்கும் சேர்த்தே நன்றி. நீங்களும் வேறு வழியில்லாமல்தான் அங்கே நின்றீர்கள்.

இனி எங்கள் வீட்டில் பூக் கட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அண்ணனின் தாள்களை என் மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் படித்தாள், அழுதாள். பிறகு நான், "உனக்கு எது வரும், எது வராதுன்னு நீயே யோசிச்சுச் சொல்லு சாமி. நீ சொல்றதுதான்" என்றேன். அவள் தாள்களைக் கலையாமல் அடுக்கி, கவரில் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லிடுங்கம்மா. எனக்கு எதுவா இருந்தாலும் சரி."

கல்லூரிக்கு விண்ணப்பிக்க இந்த வாரம்தான் கடைசி.